கலைவள்ளலின் முழங்கால்

எங்கள் மாமா உயிரோடு இருந்தவரை அவருக்கு இருந்தவை சாதாரணமான இரண்டு கண்கள்தான். அதிலும் இடது கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே காலத்தை ஓட்டினார். அவர் காலமான மறுநாள் காலைப் பத்திரிகையில் அதே கண்கள் ‘ஒரு தலைமுறையின் ரசனையையே திருப்பிப்போட்ட கண்கள்’ ஆகிவிட்டன. அத்தை அதைப் படித்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாவம், இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

மாமா அட்டைப்பெட்டி செய்தவர். நாம் எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதலில் தூக்கி எறிகிற பொருள் எதுவோ, அதைச் செய்தே பணக்காரர் ஆனவர். பாதி வயதுக்கு மேல் ஓவியங்கள் வாங்க ஆரம்பித்தார். வீட்டுச் சுவர்கள் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, கடைசியில் குளியலறை வாசல்வரை படம் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் ஊர் அவருக்குக் கலைவள்ளல் என்ற பட்டத்தைக் கொடுத்தது. படங்களையும், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய சரக்குக் கிடங்கையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். கிடங்கு அருங்காட்சியகம் ஆகவேண்டும் என்பது ஏற்பாடு.

அறக்கட்டளைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். நான் செயலாளர். குடும்பத்திலிருந்து யாராவது ஒருவர் இருக்கட்டும் என்று பேச்சு வந்தபோது அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவன் நான்தான். அத்தை கௌரவ உறுப்பினர். அதாவது கூட்டத்துக்கு வரலாம், டீ குடிக்கலாம், யாராவது கருத்துச் சொன்னால் தலையை ஆட்டலாம்.

மாமாவின் கடைசி ஆசை என்று பத்திரிகைகளில் என்னென்னவோ வந்தது. நான் அந்த ஆஸ்பத்திரி அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டதைச் சொல்கிறேன். மாமா கண்ணை மூடியபடியே அத்தையிடம் கேட்டார்:

"அந்தக் கட்டடத்துல உட்கார இடம் இருக்கும்ல?"

"இருக்கும்" என்றாள் அத்தை.

"நாற்காலிக்குக் கை இருக்கணும். கை இல்லாததுல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது."

"கை வெச்சே போடச் சொல்றேன். நீங்க தூங்குங்க."

அவர் தூங்கினார். அவ்வளவுதான் கடைசி ஆசை. கலை, தலைமுறை, பாரம்பரியம் எதுவும் அந்த அறைக்குள் எட்டிப்பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் வக்கீல் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். இதை மட்டும் யாரும் எழுதவில்லை. அத்தை வாக்குக் கொடுத்தாள்.

மாமா ஏன் நாற்காலியைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது முழுசாக எனக்கும் அத்தைக்கும் இன்னொருவருக்கும்தான் தெரியும். அந்த இன்னொருவர் ஓவியக்கூடம் நடத்துபவர். தன்னைக் ‘கலைக்கூட இயக்குநர்’ என்று அழைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். மாமா கடைசிவரை ‘கடைக்காரரே’ என்றுதான் கூப்பிட்டார்.

நடந்தது இதுதான். தொழிற்சாலையில் அட்டைக் கட்டுகளின் மேலே ஏறி எதையோ சரிபார்க்கப்போன மாமா, கட்டு சரிந்து கீழே விழுந்தார். வலது முழங்கால் பெயர்ந்தது. ஒட்டவைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்த முட்டி அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. நின்றால் உட்காரச் சொல்லும். உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது. ஒருநாள் வங்கிக்குப் போய்த் திரும்பும்போது நடுத்தெருவில் பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு உள்ளே கை வைத்த மர நாற்காலி ஒன்று. மாமா கடையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார், நேராகப் போய் உட்கார்ந்தார். வலி கொஞ்சம் அடங்கியதும் அப்படியே தூங்கிப்போனார். கண்ணைத் திறந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அது ஓவியக்கூடம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கடைக்காரர் டீ வரவழைத்தார். ஒரு மனிதரின் நாற்காலியில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு, தண்ணீரும் டீயும் குடித்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு எழுந்து போவது மாமாவின் வளர்ப்பில் இல்லாத காரியம். எதிரே இருந்த படத்தை வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அத்தை, "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"உட்கார்ந்தேன்" என்றார் மாமா.

வங்கி வேலை அடிக்கடி வரும், முட்டி அடிக்கடி பிடிக்கும், நாற்காலி அங்கேயே இருக்கும். சில முறைகளுக்குள் கடைக்காரருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இவர் படத்தைத் தேடி வருவதில்லை. நாற்காலிக்கு எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் வாங்குகிறார். அன்றிலிருந்து கூடத்தில் எந்தப் படம் விலைபோகாமல் தூசி குடிக்கிறதோ, அதற்கு எதிரே நாற்காலியை நகர்த்திப்போடுவது அவர் வழக்கமாயிற்று. ஓவியர்களுக்கும் காற்றுவாக்கில் சேதி போயிற்று. விற்பனை மந்தமாக இருக்கிறவர் கடைக்காரரிடம் வந்து, கண்காட்சி எப்படி, விமர்சனம் எப்படி என்றெல்லாம் கேட்பதை விட்டுவிட்டு, "அந்த நாற்காலியை இந்த வாரம் நம்ம பக்கம் போடுங்களேன்" என்று கேட்கத் தொடங்கினார்.

இப்படியாக ஊரில் ஒருவரும் சீந்தாத படங்களின் பெரும் தொகுப்பு ஒன்று மாமாவின் வீட்டில் சேர்ந்தது. ஒருவரும் வாங்காததால் அவை வேறு எவரிடமும் இல்லை. வேறு எவரிடமும் இல்லாததால் அவை அரியவை ஆயின. அரியவற்றையெல்லாம் ஒரே மனிதர் வாங்கியிருப்பதால் அவருக்கு ஒரு கண் இருந்தாகவேண்டும் என்ற முடிவுக்கு அறிஞர்கள் வந்தார்கள். உலகத்தில் பல பெரிய கீர்த்திகள் இந்த வழியில்தான் வருகின்றன என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அவருடைய கொடைக்கும் இதே முட்டிதான் மூலம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு நீள பெஞ்சுகள் கொடுத்தார். பஸ் நிறுத்தங்களில் இருக்கை போட்டார். நீதிமன்ற வராந்தாவில், பத்திரப்பதிவு அலுவலகத்தில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்காக என்று அவர் கொடுத்ததெல்லாம் உட்கார இடம்தான். யாராவது பசி என்று வந்தால்கூட முதலில் "உட்காருங்க" என்பார். பிறகுதான் மற்றதெல்லாம்.

அருங்காட்சியகத்துக்கு வரைபடம் போட வந்த கட்டடக் கலைஞருக்கு நானும் அத்தையும் வைத்த பெயர் ‘வெளிச்சம்’. அவர் வாயைத் திறந்தால் அந்தச் சொல் வரும். எப்போதும் கறுப்புச் சட்டை. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விடுவார், நாம் அதில் வியந்துகொள்ளலாம். முதல் கூட்டத்திலேயே கட்டடத்தின் மாதிரி வடிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெள்ளைச் சுவர்கள், கூரையில் கண்ணாடிப் பட்டைகள், உள்ளே வெள்ளை அட்டையில் வெட்டிய குட்டி மனிதர்கள். அத்தை குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவங்க எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்காங்களே. எங்க உட்காருவாங்க?"

வெளிச்சம், குழந்தை கேட்ட கேள்வியைக் கேட்டவர்போலச் சிரித்தார். நாற்காலி என்பது கண்ணுக்கு ஒரு இரைச்சல் என்றார். தரையில் வெளிச்சம் தடையில்லாமல் ஓடவேண்டும், நடுவில் நாற்காலிக் கால்கள் நின்றால் அது இடறிவிழும் என்றார். பிறகு அந்த இடைவெளியை விட்டுவிட்டு, "உட்கார்ந்தா உடம்பு ஜெயிச்சிடும்மா. நின்னாத்தான் கண்ணு ஜெயிக்கும்" என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வயசு தம்பி?"

அவர் சொன்னார்.

"சரி, இன்னும் நேரம் இருக்கு" என்றாள் அத்தை.

வெளிச்சத்துக்குப் பக்கபலம் விமர்சகர். மாமாவைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். பெயர் ‘நின்ற பார்வை’. அதன்படி மாமா ஒரு படத்தின் முன்னால் மணிக்கணக்காக, மரம்போல, அசையாமல் நின்று பார்ப்பார். இதற்கு அவரிடம் சான்று இருந்தது. ஒரு கண்காட்சியில் யாரோ எடுத்த புகைப்படம். மாமா முன்பக்கம் சற்று வளைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, புருவத்தை நெரித்து எதையோ வெறிக்கிறார்; ஒரு கை நாற்காலியின் கைமேல் இருக்கிறது. ‘கலையின் உக்கிரத்தைத் தாங்கி நிற்கும் முகம்’ என்று விமர்சகர் அதன் அடியில் எழுதியிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாமா படும் பாடு அது என்பது அவரோடு ஒருநாள் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியும். விமர்சகர் ஒருநாள் முழுக்க இருந்ததில்லை. வருவார், கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு போய்விடுவார்.

அத்தை முறையாகத்தான் போனாள். நீதிபதியைத் தனியாகப் பார்த்து, மாமா கேட்டதையும் தான் வாக்குக் கொடுத்ததையும் சொன்னாள். நீதிபதி என்னைக் கூப்பிட்டு உண்மையா என்று விசாரித்தார். உண்மை என்றேன். அவர் வருத்தமாகத் தலையசைத்தார். பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை, காதால் கேட்டதையெல்லாம் கட்டடத்தில் சேர்க்க முடியாது, தவிர நின்று பார்த்தவரின் நினைவிடத்தில் நாற்காலி போட்டால் அது அவரை அவமதிப்பதாகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத குரல்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் அத்தையிடம், அவர் நின்றவரே இல்லை, முட்டி வலிக்கு உட்கார்ந்தவர் என்று குழுவில் போட்டு உடைத்தால் என்ன என்று கேட்டேன். அத்தை காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சொன்னா சிரிப்பாங்கடா."

"சிரிச்சா என்ன அத்தை?"

"என்னைப் பார்த்துச் சிரிச்சா நான் பதில் சொல்லிக்குவேன். செத்தவரைப் பார்த்துச் சிரிச்சா, பதில் சொல்ல அவரா எழுந்து வருவாரு?"

அதுதான் இக்கட்டு. வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் முட்டியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சொன்னால் கலைவள்ளல் ஊருக்கு நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் அவர் பேர் வானத்தில் நிற்கும், அவர் கேட்ட ஒரே ஒரு பொருள் கிடைக்காது. அத்தை இதை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுப் புரண்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் நன்றாகத்தான் தூங்கினாள். ‘பார்த்துக்கலாம்’ என்று ஒரு வார்த்தை வைத்திருந்தாள், அதைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவாள்.

கட்டடம் முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் கடைக்காரர் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே நாற்காலி. தன் கூடத்தின் அன்பளிப்பாக அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் தொழிலுக்கு அந்த நாற்காலி செய்ததை எந்த விற்பனையாளரும் செய்யவில்லை. குழு கூடி யோசித்தது. நாற்காலி உட்காருவதற்காக உள்ளே வரக்கூடாது. ஆனால் காட்சிப்பொருளாக வரலாம். ஒரு வெள்ளை மேடை செய்து அதன்மேல் வைத்து, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டினார்கள். கீழே மாட்டும் பலகைக்கு விமர்சகர் வாசகம் எழுதிக்கொடுத்தார்: ‘படங்களின் முன் நிற்கும்போது கலைவள்ளல் தம் மேலங்கியை மாட்டிவைத்த நாற்காலி.’

மாமா வாழ்க்கையில் மேலங்கி போட்டதே இல்லை. சட்டையின் மேல்பித்தானைக்கூடப் போடமாட்டார்.

பலகையைப் படித்த அத்தை கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரைக் கண்ணாடியை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

திறப்பு விழா சாயங்காலம். நாற்காலியே இல்லாத கட்டடம் என்பதால் விழாவுக்கும் நாற்காலி இல்லை. வாசலில் மாமாவின் அந்தப் பல்லைக் கடிக்கும் புகைப்படத்தை ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் உள்ளே நின்றார்கள். முதலில் நீதிபதி பேசினார். அவர் பேச்சு, தீர்ப்பு மாதிரியே, முடிவு எங்கே வருகிறது என்று தெரியாத வகை. அடுத்து வெளிச்சம் பேசினார். வாக்கியங்களைவிட இடைவெளிகள் நீளமாக இருந்தன. அதற்குள் கூட்டம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு தொழிலதிபரின் மனைவி குதிகால் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். ஒரு கல்லூரி முதல்வர் சுவரில் சாய்ந்தார். காவலாளி வந்து, சுவர் புதிது என்று நிமிர்த்திவிட்டுப் போனார். நீதிபதி ஒலிவாங்கிக் கம்பத்தைக் கைத்தடியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த நிலைமையில் விமர்சகர் எழுந்தருளி, நின்று பார்ப்பதன் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தார். நிற்பது தவம் என்றார். உட்காருவது நுகர்வு என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் அந்த நேரத்தில் நுகர்வுக்காக எதையும் எழுதிக்கொடுத்திருப்பார்கள்.

கடைசியில் அத்தையை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள்.

அத்தை ஒலிவாங்கியை நோக்கிப் போகவில்லை. வெள்ளை மேடைக்குப் போனாள். சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கினாள். அதைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டே, பளபளவென்று மெருகேற்றிய அந்தத் தரையில் கிறீச் கிறீச்சென்று சத்தம்வர, கூடத்தின் குறுக்கே நடந்தாள். வெளிச்சத்தின் முகத்தில் ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒரு சுருக்கம் விழுந்தது. காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா, அது காட்சிப்பொருள். அதுல உட்காரக் கூடாது."

"நாற்காலிப்பா இது" என்றாள் அத்தை. "மேடையில ஏத்தி வெச்சதுல அதுக்கே மறந்துபோயிருக்கும்."

ஒரு படத்தின் எதிரே அதைப் போட்டு உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். நான் ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். செயலாளருக்கு அன்றைக்கு இருந்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

"நின்னுக்கிட்டுப் பேச எனக்கும் வரும்" என்றாள். "ஆனா இவரைப் பத்தி நின்னுக்கிட்டுப் பேசினா பொய்யாயிடும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அட்டைக் கட்டு சரிந்ததை, முட்டியை, வங்கிக்குப் போகும் வழியை, உட்கார்ந்த பாவத்துக்குப் படம் வாங்கியதை. நாற்காலி நகர்ந்த கதையைச் சொல்லும்போது கடைக்காரரை மட்டும் காட்டிக்கொடுக்காமல் ‘யாரோ புத்திசாலி’ என்றாள். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான்" என்று கையைத் தூக்கிவிட்டார். செருப்பைக் கழற்றிய அம்மாள்தான் முதலில் சிரித்தார். அது பற்றிக்கொண்டது. ஊரின் பெரிய மனிதர்கள், வலிக்கிற கால்களோடு, கலைவள்ளலின் கண் ஒரு முழங்கால் என்று தெரிந்து வாய்விட்டுச் சிரித்தார்கள். விமர்சகர் தன் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பயந்தது இதற்குத்தான். ஆனால் அவள் அசையவில்லை. மழை விடட்டும் என்று காத்திருப்பவள்மாதிரி உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு ஓய்ந்தது.

"சிரிச்சாச்சா? மீதியையும் கேளுங்க" என்றாள். "முட்டிக்காகத்தான் உட்கார்ந்தாரு. ஆனா எழுந்திருக்க முடியாதே, அப்புறம் என்ன பண்ணுவாரு? எதிர இருக்கறதைப் பார்ப்பாரு. பார்த்தாரு. அவரு அளவுக்கு உட்கார்ந்து பார்த்தவங்க இந்த ஊர்ல யாரும் இல்லை, ஏன்னா மத்தவங்களுக்கு முட்டி நல்லா இருந்துச்சு."

எதிரே இருந்த படத்தைக் காட்டினாள். அது மாமா வாங்கிய முதல் படம். மழை பெய்து ஓய்ந்த தெரு, மூடிய கடைகள், ஆள் இல்லை. மொத்தமும் சாம்பல் நிறம். வெகுகாலம் எங்கள் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தது.

"இதை நான் தினமும் போகவர பார்த்தவதான். இழவு விழுந்த தெரு மாதிரி இருக்குன்னு சொல்லுவேன். ஒருநாள் கையைப் பிடிச்சு எதிர உட்கார வெச்சாரு. ‘அந்தக் கடைசிக் கடை மூடலை, உள்ள ஆள் இருக்கு பாரு’ன்னாரு. கதவுக்கு அடியில கோடு மாதிரி மஞ்சளா வெளிச்சம் இருக்கு. யாரோ இன்னும் வேலை பண்றாங்க. அதைப் பார்த்த அப்புறம் அது இழவுத் தெரு இல்லை. இங்க நிக்கிற யாருக்காவது அந்த வெளிச்சம் தெரியுதா?"

எல்லாரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கூரைக் கண்ணாடியிலிருந்து இறங்கிய வெளிச்சம் படத்தின் மேல்பூச்சில் பட்டு, நிற்பவர்களின் கண்ணில் திருப்பி அடித்தது. படத்தின் கீழ்ப்பாதி வெறும் பளபளப்பு. வெளிச்சம் என்று நாங்கள் பெயர் வைத்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினார். அந்த அமைதியில் அவர் முட்டி சுள்ளி ஒடிந்தமாதிரிச் சொடுக்கியது கூடம் முழுக்கக் கேட்டது.

குந்தியவர் வெகுநேரம் பேசவில்லை. இந்த முறை இடைவெளி அவர் வேண்டுமென்றே விட்டதில்லை.

"இருக்கும்மா" என்றார் கடைசியில். "கதவுக்கு அடியில... உள்ள ஆள் இருக்கு."

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முகம் அப்படியே வாசலில் இருந்த மாமாவின் புகைப்படம்போல ஆகிவிட்டது. பல்லைக் கடித்து, புருவத்தை நெரித்து. அத்தை நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிங்க தம்பி. அதுக்குத்தான் கை."

அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, நானும் சரின்னுட்டேன்" என்று அத்தை நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். "பத்திரத்துல இல்லைதான். அதனால அது நடக்கிற வரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். எனக்கு வேற அவசர வேலை ஒண்ணும் இல்லை."

நீதிபதி ஒலிவாங்கிக் கம்பத்தை விட்டுவிட்டு நிமிர முயன்றார். வேண்டாமென்று மறுபடி பிடித்துக்கொண்டார். அறக்கட்டளைத் தலைவர் என்ற முறையில் தனக்குள்ள அதிகாரத்தின்படி எல்லாக் கூடங்களிலும் கை வைத்த நாற்காலிகள் போட உத்தரவிடுவதாகச் சொன்னார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் சொன்ன தீர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு என் காதில், இப்போதைக்கு உட்கார ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பினேன். மேற்பார்வையாளரும் தொழிலாளர்களும், பம்ப் மோட்டார் அடைக்கிற கனத்த பெட்டிகளை மடித்து ஒட்டி வரிசையாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஆள் உட்கார்ந்தாலும் நசுங்காத சரக்கு. மாமா அதில் மட்டும் சமரசம் செய்துகொண்டதில்லை. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அச்சடித்த அட்டைப்பெட்டிகளில் ஊரின் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் அடங்கிப்போனது. வேறு வழியில்லாமல் எல்லாரும் எதிரே இருந்ததைப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தொட்டு எதையோ காட்டினார். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், பல படங்கள் உட்கார்ந்து பார்த்தாலும் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் நின்றுகொண்டிருந்தபோது அதுகூட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது எல்லாக் கூடத்திலும் நாற்காலி இருக்கிறது. வெளிச்சம் தானே வடிவமைத்துக் கொடுத்தார். வழுவழுவென்று, பிடித்து எழுந்திருக்க வாகான கைகள். உட்கார்ந்த கண்ணின் மட்டத்துக்கு வெளிச்சத்தை இறக்குவதுதான் ஆரம்பம் முதலே தன் எண்ணம் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேட்டால் அத்தை, "இருக்கட்டும், நாற்காலி நல்லா இருக்கு" என்கிறாள். விமர்சகரின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பெயர் ‘அமர்ந்த பார்வை’. மரத்துக்குப் பதில் மலை வந்திருக்கிறது, மற்றபடி பெரிய மாற்றம் இல்லை. கடைக்காரர் தன் கூடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே ஒரு நாற்காலி போட்டுப் பார்த்தார். ஆட்கள் வந்து உட்கார்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறார்கள். வளர்ப்பு முன்னைப்போல இல்லை என்று வருத்தப்படுகிறார்.

போன வாரம் அத்தையோடு அங்கே போயிருந்தேன். சாம்பல் தெருப் படத்துக்கு எதிரே, அந்தப் பழைய நாற்காலியில், வெயிலில் அலைந்து வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி பையைக் காலடியில் வைத்துவிட்டு, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை. அத்தையைப் பார்த்ததும் காவலாளி பதறிப்போய் அவரை எழுப்பக் கையை நீட்டினார். அத்தை தடுத்துவிட்டாள்.

"விடுப்பா, தூங்கட்டும். எங்க வீட்டுக்காரரும் முதல்ல தூங்கத்தான் செஞ்சாரு" என்றாள். "முழிச்சதும் எதிர என்ன இருக்கோ, அதைப் பார்ப்பான்."

பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.